விருதும் ஒலிபெருக்கியும்

விருது என்றதும் எமது மனதில் முதலில் எழுபவை மேடை, பொன்னாடை, மாலை, புகைப்படம் என்பனவே. பாடசாலைப் பரிசளிப்பு விழா தொடக்கம் கலாசார விழா வரை நாம் கண்டு பழகிய விருதுகள் பெரும்பாலும் தனியொருவரின் திறமைக்காக வழங்கப்படுபவை. பாடியவருக்கு, எழுதியவருக்கு, ஓட்டத்தில் முதலாவதாக வந்தவருக்கு என்று அவை கொடுக்கப்படுகின்றன. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வேறொரு வகை விருதும் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒரு தொழில்நுட்பத்தைச் சமூகத்தின் நன்மைக்குப் பயன்படுத்தியவர்களைத் தேடிக் கௌரவிக்கும் விருது அது.

சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்ரொக்ஹோம் நகரசபை முன்னின்று நடத்திய ‘ஸ்ரொக்ஹோம் சவால்’ விருது இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. 2003 இல் ஐக்கிய நாடுகளின் தகவல் சமூக உச்சிமாநாட்டையொட்டி ‘உலக உச்சிமாநாட்டு விருது’ தொடங்கப்பட்டது. எமது நாட்டிலும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை 2009 இல் ‘ஈ-சுவாபிமானி’ என்ற தேசிய விருதை ஆரம்பித்தது.

இவையெல்லாம் கொழும்பிலும் வெளிநாட்டிலும் கணனி படித்தவர்களுக்குள் நடக்கும் விடயங்கள்தானே, வயலும் மாடும் கடலுமாக வாழும் வன்னிப் பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, இன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் மாதர் சங்கங்களுடன் வேலை செய்பவள் நான். சென்ற ஆண்டு அப்படியானதொரு விருதுக்கான அறிவித்தல் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. அதைப் பற்றி ஒரு மாதர் சங்கத்தில் பேசப் போய்த்தான் இந்த விடயத்தை ஆழமாக யோசிக்க நேர்ந்தது. அதற்கு முன்னர், கடலுக்கு அப்பால் எமது மொழி பேசும் மீனவக் கிராமங்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வீராம்பட்டினத்தில் ஒலித்த குரல்

இந்தியப் பசுமைப் புரட்சியின் தந்தை என்று அழைக்கப்படும் கலாநிதி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988 இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். அந்த நிறுவனம் 1998 இல் புதுச்சேரியைச் சுற்றியுள்ள சில கிராமங்களில் ‘அறிவு மையங்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அக்காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இணைய வசதி கிடையாது. தொலைபேசியே அருமை. வில்லியனூர் என்ற இடத்தில் ஒரு தலைமை நிலையம். அங்கிருந்து கிராமங்களுக்கு வானலைக் கருவிகள் மூலம் செய்தி போகும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்கள் என்பதால் சூரிய சக்தியையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள்.

கருவிகளைக் காட்டிலும் எனக்குப் பிடித்தது அத்திட்டத்தின் ஒழுங்கு. மையத்துக்கான இடத்தை ஊரே தரவேண்டும். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் உள்ளே வர இடமளிக்க வேண்டும். வேலை செய்யும் தொண்டர்கள் அந்த ஊரவர்களாகவே இருக்க வேண்டும். அவர்களில் பலர் பெண்கள். நெல் விலை என்ன, அரசாங்க உதவிக்கு எங்கே விண்ணப்பிப்பது, ஆஸ்பத்திரியில் எந்த வைத்தியர் எந்த நாளில் இருப்பார், மாட்டுக்கு வருத்தம் வந்தால் என்ன செய்வது என்பன போன்ற விடயங்களே அங்கு தமிழில் கிடைத்தன. எம்பலம் என்ற கிராமத்தில் கோயிலுக்குரிய இடத்திலேயே மையம் அமைந்தது. அதைப் பெண்களே நடத்தினார்கள்.

வீராம்பட்டினம் ஒரு மீனவக் கிராமம். அங்குள்ளவர்களுக்கு நெல் விலை தேவையில்லை. நாளைக்குக் கடல் எப்படியிருக்கும் என்பதே அவர்களின் கேள்வி. அமெரிக்கக் கடற்படை தனது இணையத்தளத்தில் கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவித்தலை வெளியிடுவது வழக்கம். வில்லியனூர் நிலையத்தினர் அதை எடுத்துத் தமிழாக்கி அனுப்ப, வீராம்பட்டினத்து மையம் கடற்கரையை நோக்கி வைத்த ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தது. யுத்தக் கப்பல்களுக்காகத் திரட்டப்பட்ட ஒரு தகவல், கட்டுமரத்தில் போகும் ஒரு மனிதனின் காதுக்குத் தமிழில் வந்து சேர்ந்தது.

இத்திட்டத்துக்கே 2001 ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் சவால் விருது கிடைத்தது. விருது கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் அப்போது தெரியாத ஒரு விடயம் இருந்தது. அந்த ஒலிபெருக்கிகளின் மிகப் பெரிய பணி இனிமேல்தான் வரவிருந்தது.

2004 மார்கழி 26

அன்று ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி நாள். நத்தாருக்கு அடுத்த நாள். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது எமது நேரம் காலை ஏழு மணியளவு. கடல் எமது கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது.

அந்த நேரத்துக்குள் நடந்ததைப் பாருங்கள். புதுச்சேரிக் கரையில் நல்லவாடு என்ற கிராமத்திலும் ஓர் அறிவு மையம் இருந்தது. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் ஊருக்குத் தொலைபேசி எடுத்து எச்சரித்தார். அந்த எச்சரிக்கை அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஏறத்தாழ 500 குடும்பங்கள், மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். வீடுகள் போயின, வள்ளங்கள் போயின, உயிர்கள் மிஞ்சின.

அதே காலையில் முல்லைத்தீவில் கள்ளப்பாட்டுக்கும் சிலாவத்தைக்கும் செம்மலைக்கும் யாரும் தொலைபேசி எடுக்கவில்லை. எடுப்பதற்கு அன்று பெரும்பாலான வீடுகளில் தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை. எமது மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நான் அப்போது முள்ளியவளையில் பாடசாலை மாணவி. ஈர உடுப்போடும், சிலர் உடுப்பே இல்லாமலும், கரையிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு எங்கள் பாடசாலை வகுப்பறைகளைத் திறந்துவிட்டார்கள். என் அம்மா வீட்டிலிருந்த சேலைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. “ஒராள் முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்” என்று ஒரு தாய் சொல்லிச் சொல்லி அழுததும் நினைவிருக்கிறது.

நல்லவாட்டுக்கும் கள்ளப்பாட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தொலைபேசி ஒன்று என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அன்று காலை இந்துசமுத்திரக் கரைகளில் எத்தனையோ ஊர்களில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் இருந்தன. அங்கும் மக்கள் இறந்தார்கள். நல்லவாட்டில் செய்தி வந்தபோது அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒலிபெருக்கி பேசினால் நம்பலாம் என்பதும் தெரிந்திருந்தது. நாள்தோறும் ஊரவருக்காகப் பேசிய வாய்தான் அன்றும் பேசியது. ஆபத்துக்கென்று மட்டும் வாங்கிப் பூட்டி வைத்த கருவியாக இருந்திருந்தால் திறப்பைத் தேடுவதற்குள் கடல் வந்திருக்கும்.

பின்தங்கி வருவது எது?

சமூகவியல் மாணவர்கள் முதலாம் ஆண்டிலேயே படிக்கும் ஒரு கருத்து உண்டு. வில்லியம் ஒக்பேர்ன் என்ற அமெரிக்க அறிஞர் 1922 இல் எழுதியது. பொருட்கள் விரைவாக மாறும், மனிதரின் பழக்கங்களும் நிறுவனங்களும் மெதுவாகவே மாறும், இடையில் ஓர் இடைவெளி விழும் என்பது அதன் சாரம். ‘பண்பாட்டுப் பின்னடைவு’ என்று பாடக் குறிப்பில் எழுதினோம். அதன் பொருள் எனக்கு விளங்கியது கிராமங்களில் வேலை செய்யத் தொடங்கிய பின்னர்தான்.

2009 இன் பின்னர் வன்னிக்குள் கைத்தொலைபேசி வந்தது, கணனி வந்தது. எத்தனையோ நிறுவனங்கள் எத்தனையோ பொருட்களைக் கொண்டுவந்து இறக்கின. கையளிப்பு வைபவங்கள் நடந்தன, படங்கள் எடுக்கப்பட்டன. இரண்டு மழைக்காலம் போனபின்னர் அந்தக் கட்டடங்களுக்குள் போய்ப் பார்த்தால், உறை கழற்றாத கணனி ஒன்று மேசையில் இருக்கும். அதை இயக்கத் தெரிந்த பிள்ளை திருமணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பாள். திருத்துவதற்கு வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சங்கத்திடம் காசு இருக்காது. பொருள் வந்துவிட்டது, அதைத் தாங்கும் ஒழுங்கு வரவில்லை. அந்த ஒழுங்கை உண்டாக்குபவர்களுக்கே முதலில் விருது கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாருடைய கை?

இன்னொரு உதாரணம் எமது மண்ணுக்கு மிக நெருக்கமானது. மிதிவெடியாலும் எறிகணையாலும் கால் இழந்தவர்கள் இல்லாத ஊர் வன்னியில் இல்லை. ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற பெயரை எமது சிறுபிள்ளைகளும் அறிவார்கள். இறப்பரால் செய்யப்பட்ட, மனிதப் பாதத்தைப் போன்ற அந்தக் கால், 1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகர அரசாங்க ஆஸ்பத்திரியில் உருவானது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், குந்தியிருக்கலாம், வயல் சேற்றில் இறங்கலாம். மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் கதிரையில் இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நிலத்தில் இருந்து அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணுக்கு அவை உதவாது.

யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் யுத்த காலம் முழுவதும் இயங்கியது. 2010 இல் ஜெய்ப்பூரிலிருந்து வந்த குழுவினர் வவுனியா மெனிக் பாம் முகாமில் தங்கியிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால் பொருத்தினார்கள்.

இந்தக் காலை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் எலும்பு முறிவு வைத்திய நிபுணர் பி.கே.சேத்தி. மற்றவர் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். இறப்பரைப் பாதமாக்கிய கை அவருடையது. 1981 இல் ஆசியாவின் நோபல் பரிசு என்று சொல்லப்படும் மகசேசே விருது வைத்தியர் சேத்திக்குக் கிடைத்தது. அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவர், அதில் ஐயமில்லை. ஆயினும் விருதுப் பட்டியலில் கைவினைஞரின் பெயர் இல்லை. வீட்டிலும் ஊரிலும் கையால் செய்யும் வேலையைப் பெண்களிடம் விட்டு, பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்வதைப் பார்த்துப் பழகிய எமக்கு இது புதிய கதையல்ல.

விருதுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி மாதவிடாய்க் காலத்தில் பழந்துணி பாவிப்பதைக் கண்டு, மலிவாகச் சுகாதாரத் துவாய் செய்யும் இயந்திரத்தை உருவாக்கப் புறப்பட்டவர் அவர். ஊர் அவரைப் பைத்தியக்காரன் என்றது. மனைவியும் தாயும்கூட ஒரு காலம் அவரை விட்டுப் பிரிந்தார்கள். 2009 இல் இந்தியாவின் தேசியப் புத்தாக்க விருது கிடைத்தது. 2016 இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. வெட்கக்கேடு என்று ஒதுக்கிய ஒன்றைச் சபையில் பேசக்கூடிய விடயமாக்க விருது உதவியது. அவர் இயந்திரத்தைப் பெரிய கம்பனிகளுக்கு விற்காமல் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கே கொடுத்தார். விருது ஒரு கதவைத் திறக்கும். திறந்த கதவால் யார் உள்ளே போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

“புதுசா எங்களிட்ட ஒண்டுமில்லை”

இப்போது எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு வருவோம். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் தலைவி அக்காவுக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்தச் சங்கத்திடம் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது. மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. பக்கத்து ஊர்களுக்கும் அதே நாளில் அதே போன்ற ஒலிபெருக்கிகள் கொடுக்கப்பட்டன. இன்று வேலை செய்வது இது ஒன்றுதான். காரணம், இவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. தண்ணீர் பவுசர் வந்தால் அதில்தான் அறிவிப்பார்கள். பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக் நாள், மரண அறிவித்தல், காணாமல் போன மாடு, சங்கக் கூட்டம் எல்லாம் அதில்தான். கிழமைக்கு ஒருவர் என்று வீட்டுக்கு வீடு அது கைமாறும். யாருடைய வீட்டில் இருக்கிறதோ அவரே பற்றரி ஏற்றி வைக்க வேண்டும். இதற்கென்று ஒரு கொப்பியும் உண்டு.

2012 சித்திரை மாதம் சுனாமி எச்சரிக்கை வந்தபோது கரையோரமெங்கும் மக்கள் நிலைகெட்டு ஓடினார்கள். அன்று கடல் வரவில்லை. ஆனால் ஓடும்போது நடக்க முடியாத முதியவர்கள் பலர் வீடுகளிலேயே விடப்பட்டார்கள் என்பதை இந்தப் பெண்கள் அதன்பின் பேசிக்கொண்டார்கள். தொலைபேசியில் எழுத்துச் செய்தி வந்தாலும் கண் தெரியாதவருக்கு அது உதவாது. கோபுரத்தில் சைரன் ஒலித்தாலும் காது கேளாதவருக்கு அது உதவாது. ஆகவே அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினார்கள். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார், அவரைக் கூட்டிவரப் பொறுப்பு யார், யாரிடம் உழவு இயந்திரம் இருக்கிறது என்பன அதில் உள்ளன. 2020 மார்கழி 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்து வன்னிக்கூடாகப் போனது. அன்று மாலைக்குள் அந்தப் பட்டியலில் இருந்த எல்லோரும் பாடசாலைக்கு வந்துவிட்டார்கள்.

நான் விருது பற்றிச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள்.

“உதுக்கெல்லாம் விருது தருவினமோ பிள்ளை?” என்றார் தலைவி அக்கா.

விண்ணப்பப் படிவத்தை நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். உங்கள் புத்தாக்கம் என்ன, எத்தனை ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள், இதே போன்ற மற்றவற்றிலிருந்து எவ்வகையில் இது புதியது என்று கேள்விகள் இருந்தன. அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“புதுசா எங்களிட்ட ஒண்டுமில்லை பிள்ளை. பழசை விடாமல் வைச்சிருக்கிறம். அவ்வளவுதான்.”

அந்தப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. ஆயினும் அக்கா சொன்னதையே ஆங்கிலத்தில் எழுதி, கொப்பியின் இரண்டு பக்கங்களைப் படம்பிடித்துச் சேர்த்து, சங்கத்தின் சம்மதத்துடன் அனுப்பினோம். பதில் எதுவும் வரவில்லை. இதனிடையே ஒலிபெருக்கியின் பற்றரி பழுதாகிவிட்டது. சங்கத்தின் சேமிப்புக் காசில் புதியது வாங்குவதா, அந்தக் காசை ஒரு பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கான கடனாகக் கொடுப்பதா என்று இரண்டு கூட்டங்களில் வாதம் நடந்தது. கடைசியில் ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்துப் பற்றரி வாங்கினார்கள். கடனும் கொடுக்கப்பட்டது.

நாம் கேட்க வேண்டியவை

விருது கொடுக்கும் பெரியவர்களிடம் சில கேள்விகளை முன்வைக்க விரும்புகிறேன். இந்தப் பொருளைக் கொடுத்தவர் போன பின்னரும் இது இயங்குகிறதா? பழுதானால் திருத்துபவர் ஊரிலேயே இருக்கிறாரா? எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கும் இதனால் பயன் உண்டா? இதைக் கண்டுபிடித்தவரின் பெயரோடு இதை நாள்தோறும் சுமப்பவரின் பெயரும் எழுதப்படுமா? ஒரு திட்டத்துக்கு அது தொடங்கிய ஆண்டில் விருது கொடுப்பதுடன் நில்லாது, பத்து வருடம் கழித்தும் ஒருமுறை வந்து பார்த்தால் என்ன? நல்லவாட்டு ஒலிபெருக்கியின் பெறுமதி விருது கிடைத்து மூன்று ஆண்டுகளின் பின்னரே உலகத்துக்குத் தெரிந்தது.

வாசக சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். நெல் குற்றும் இயந்திரமாக இருக்கலாம், தண்ணீர் சுத்திகரிக்கும் தொட்டியாக இருக்கலாம், ஒரு தையல் இயந்திரமாகவும் இருக்கலாம். அதை ஓடவிடாமல் நின்றுபோகச் செய்யும் காரணம் என்ன, ஓட வைத்துக்கொண்டிருப்பவர் யார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். அவருடைய பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். சபையில் வாசித்துக் காட்டுங்கள். அதற்கு மேடை தேவையில்லை, பொன்னாடையும் தேவையில்லை. மாரி தொடங்க முன்னர் இதைச் செய்தால், பற்றரிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.